வீட்லயே ரிப்பனுக்கு சாயம் போடலாம் வாங்க (முதல்ல ஒரு துண்ட கொளுத்திப் பாத்துட்டு)

முதல் தடவை நான் ரிப்பனுக்கு கலர் போட்டப்ப என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டே ஆரம்பிக்கறேன், ஏன்னா இந்த வேலைல பாதி விஷயம் அதுலயே இருக்கு. ஒரு ப்ளவுஸ் கைக்கு ரிப்பன் எம்ப்ராய்டரி (நூலுக்கு பதிலா ரிப்பனால பூ தைக்கறது) போடணும், புடவைல இருந்த அந்த மங்கலான பீச் கலர் எந்தக் கடைலயும் கிடைக்கல. சரி நாமளே போட்டுக்கலாம்னு வெள்ளை சாட்டின் ரிப்பன் ரெண்டு ரோல் வாங்கிட்டு வந்து, லூசா சுத்தி, தையல் பெட்டில கிடந்த நைலான் நூலால நாலு இடத்துல கட்டி, கேசரி பவுடரும் வினிகரும் போட்ட தண்ணில முக்கா மணி நேரம் கொதிக்க விட்டேன். எடுத்து குழாய்ல அலசினா ரிப்பன் மறுபடி பழைய வெள்ளைக்கே வந்துடுச்சு. ஆனா கட்டியிருந்த நாலு நூலும் பளீர்னு ஆரஞ்சு, அதை எத்தனை தேச்சும் ஒரு சொட்டு கலர் கூட போகல. எங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, சாயம் ரிப்பனுக்குப் போட்டியா, கட்டுன நூலுக்குப் போட்டியா"ன்னு கேட்டுட்டு போயிட்டாங்க.

அப்ப சிரிப்பு வரல, ஆனா விடை அந்த நூல்லதான் இருந்துச்சு. கேசரி பவுடர்ல இருக்கறது அமிலச் சாயம், ஆசிட் டைன்னு சொல்றது. அது பட்டு, கம்பளி, நைலான் இந்த மூணையும்தான் புடிக்கும். நான் வாங்கிட்டு வந்த சாட்டின் ரிப்பன் பாலியஸ்டர், அது அந்த சாயத்த சட்டையே பண்ணாது. நூல் நைலான், அதனால குடிச்சுடுச்சு. சாட்டின்ங்கறது நெய்யற விதத்தோட பேருதான், அது பட்டுலயும் வரும் பாலியஸ்டர்லயும் வரும், கடைல "சாட்டின் ரிப்பன் குடுங்க"ன்னு கேட்டா கைக்கு வர்றது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். "சில்க் ரிப்பன்"னு சொல்லி குடுக்கறதும் பல நேரம் அதேதான், மினுமினுன்னு இருந்தா சில்க்னு சொல்லிடறாங்க.

அதனால சாயம், பாத்திரம், வினிகர் எல்லாத்துக்கும் முன்னாடி கைல இருக்கற ரிப்பன் என்ன ஜாதின்னு கண்டுபிடிங்க.

கொளுத்திப் பாக்கறது

ஒரு எவர்சில்வர் தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சுக்கோங்க, ஜன்னல திறந்து வைங்க, பசங்களை அந்தப் பக்கம் அனுப்பிடுங்க. ரிப்பன்ல ரெண்டு இஞ்ச் வெட்டி ஒரு இடுக்கில புடிச்சு, தட்டுக்கு மேல வெச்சு நுனிய மெழுகுவத்தில காட்டுங்க. கையால புடிக்காதீங்க, பாலியஸ்டர் உருகி சொட்டும், தோல்ல பட்டா ஒட்டிக்கும்.

பட்டா இருந்தா மெதுவா எரியும், நெருப்ப விட்டு எடுத்தா தானா அணைஞ்சுடும், முடி கருகற நாத்தம் வரும், மிஞ்சற கரிய விரலால நசுக்கினா பொடியாயிடும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரியற வாசனையோட சட்டுனு எரிஞ்சு மெத்துனு சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி கருப்புப் புகை விட்டு, கடைசில கெட்டியா ஒரு மணி மாதிரி உருண்டை நிக்கும், அது ஆறினப்புறம் நசுக்கவே முடியாது. நைலானும் உருகும், ஆனா அந்த உருண்டை கொஞ்சம் வெளிர் நிறமா இருக்கும், புகையும் கம்மி. இந்தக் கடைசி ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலன்னா கவலைய விடுங்க, ஒரு துண்டு ரிப்பன கேசரி பவுடர் வினிகர் தண்ணில போட்டு பத்து நிமிஷம் சுட வெச்சு அலசிப் பாருங்க. கலர் நின்னா நைலான், ஓடிட்டா பாலியஸ்டர். என் தையல் நூல் எனக்கு சொல்லிக் குடுத்த டெஸ்ட் இது.

எந்த ரிப்பன் வாங்கறது

ப்ளவுஸ் எம்ப்ராய்டரிக்குன்னா நிஜப் பட்டு ரிப்பன் மாதிரி வேற இல்ல. 4, 7, 13 மில்லிமீட்டர் அகலத்துல வெள்ளையா ஆன்லைன்ல கிடைக்குது, விலை கூடத்தான், ஆனா துணிக்குள்ள ஊசிய இழுக்கறப்ப அது மடங்கி விரியற அழகு பாலியஸ்டர்ல வராது. கிஃப்ட் பாக்ஸ், தாம்பூலப் பை, சீமந்தத் தட்டுன்னு கட்டறதுக்கு அவ்வளவு செலவு தேவையில்ல.

நான் இருக்கறது திருப்பூர், அதனால எனக்கு ஒரு சலுகை இருக்கு. டி-ஷர்ட் கழுத்துக்கு உள்பக்கம் வெச்சுத் தைக்கற காட்டன் டேப், வெள்ளைல, இங்க ஆக்சசரீஸ் கடைகள்ல கிடைக்கும். "ஆர்எஃப்டி டேப் இருக்குங்களா"ன்னு கேளுங்க, சாயம் போடறதுக்கு தயாரா கஞ்சி எடுத்து சுத்தம் பண்ணி வெச்சதுன்னு அர்த்தம். மத்த ஊர்க்காரங்களுக்கு இருக்கவே இருக்கு பாவாடை நாடா. ஆனா இப்ப வர்ற நாடால பாதி பாலியஸ்டர் கலந்தது, கொளுத்திப் பாக்காம கட்டு கட்டா வாங்கிடாதீங்க.

அதுவும் வேண்டாம்னா பழைய வெள்ளை வேட்டிய எடுங்க. நல்ல பருத்தி வேட்டியா இருந்தா ஓரத்துல சின்னதா வெட்டு போட்டு கையால கிழிச்சா நேர் கோடா கிழியும், ரெண்டு பக்கமும் நூல் பிசிறு நிக்கும், அந்தப் பிசிறுதான் அழகு. கல்யாணப் பத்திரிகை கட்ட இப்ப இந்தக் கிழிச்ச ரிப்பன்தான் எல்லாரும் கேக்கறாங்க. பிசிறு வேண்டாம், பூ மாதிரி வளையணும்னா துணிய மூலைவாட்டுல, அதாவது 45 டிகிரில, வெட்டுங்க, அப்படி வெட்டினா நூல் அவ்வளவா பிரியாது.

உள்ள கம்பி வெச்ச ரிப்பனா இருந்தா கம்பிய உருவிட்டு போடுங்க, இல்லன்னா துரு ஓரமெல்லாம் கோடு போட்டுடும்.

என்னென்ன வேணும்

ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரம், அலுமினியம் வேண்டாம், வினிகரோட சேந்தா அதுவும் கரையும், கலரையும் கெடுக்கும். இந்தப் பாத்திரத்துல அப்புறம் சமைக்கக் கூடாது, கேசரி பவுடர்தானேன்னு நினைச்சாக்கூட வேண்டாம், ஏன்னா நாளைக்கே நிஜ சாயம் வாங்கிடுவீங்க, அப்ப எது எந்தப் பாத்திரம்னு ஞாபகம் இருக்காது. மூடில நெயில் பாலிஷால ஒரு பெருக்கல் குறி போட்டு வெச்சுடுங்க. கையுறை, மருந்துக்கடை சிரிஞ்ச் ஒண்ணு ஊசி இல்லாம, வெள்ளை வினிகர், நகை எடை போடற மாதிரி சின்ன தராசு இருந்தா உத்தமம்.

தண்ணி பத்தி ஒரு வார்த்தை. போர் தண்ணி உப்பா இருக்கற ஊர்னா கேன் தண்ணியே எடுத்துக்கோங்க. சில சாயம் உப்புத் தண்ணில திரிஞ்சு புள்ளி புள்ளியா ஒட்டும், நீங்க என்ன தப்பு பண்ணோம்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருப்பீங்க. ரிப்பனுக்கு தேவைப்படறதே அரை லிட்டர்தான்.

பட்டு ரிப்பன், நைலான் ரிப்பன்

இங்கதான் புதுசா வர்றவங்க ஆரம்பிக்கணும், ஏன்னா முதல் தடவையே நல்லா வரும்.

முதல்ல கழுவணும். வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு ஷாம்பூ விட்டு ரிப்பன அலசி எடுங்க, கடைல பூசின மினுக்கும் கை எண்ணெயும் போகும். பட்டுக்கு வாஷிங் சோடா வேண்டவே வேண்டாம், காரம் பட்டு இழைய அரிச்சுடும், மினுக்கு செத்துப் போயிடும். அப்புறம் ரிப்பன நாலு விரல்ல லூசா சுத்தி ஒரு கண்ணி மாதிரி ஆக்கி, மூணு நாலு இடத்துல பருத்தி நூலால எட்டு போட்ட மாதிரி கட்டுங்க, கட்டு லூசா இருக்கணும். இறுக்கிக் கட்டினா அந்த இடத்துல சாயம் போகாம வெள்ளையா நிக்கும், சுங்குடிப் புடவைல புள்ளி விழறதே அப்படித்தானே. கட்டினத சாதாரணத் தண்ணில அரை மணி நேரம் ஊற விடுங்க. காஞ்ச ரிப்பன நேரா சாயத்துல போட்டா முதல்ல நனையற இடம் மட்டும் நிறைய குடிச்சு திட்டு திட்டா நிக்கும்.

சாயம் எவ்வளவு? இதுலதான் எல்லாரும் அள்ளிக் கொட்டறது. 7 மில்லிமீட்டர் பட்டு ரிப்பன் 10 மீட்டர் சேந்தாலும் எடை ரெண்டு கிராம் பக்கம்தான் வரும். அதுக்கு நடுத்தரமான ஷேடு வேணும்னா ரிப்பன் எடைல நூத்துல ஒரு பங்கு சாயம், அதாவது 0.02 கிராம். அதை எந்தத் தராசுல நிறுக்கறது? அதனால 1 கிராம் ஆசிட் டைய 100 மிலி சுடுதண்ணில கரைச்சு ஒரு பாட்டில்ல வெச்சுக்கோங்க. இப்ப 1 மிலில 0.01 கிராம் சாயம் இருக்கும், ரெண்டு கிராம் ரிப்பனுக்கு சிரிஞ்ச்ல 2 மிலி எடுத்தா கணக்கு முடிஞ்சுது. லேசான கலருக்கு அரை மிலி, அழுத்தமா வேணும்னா 4லேந்து 6 மிலி. எத்தனை மிலி எடுத்தோம்னு எழுதி வெச்சா அடுத்த தடவை அதே கலர் வரும், கண்ணளவுல போட்டா வராது, அவ்வளவுதான்.

ஆசிட் டை இல்லாதவங்க கேசரி பவுடர் இல்ல கேக் கடைல கிடைக்கற திரவ ஃபுட் கலர் எடுத்துக்கலாம். பாக்கெட் பின்னாடி டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், ப்ரில்லியன்ட் ப்ளூன்னு ஏதாவது பேர் போட்டிருக்கும், எல்லாமே அமிலச் சாயக் குடும்பம்தான். பொடின்னா 100 மிலிக்கு கால் டீஸ்பூன் கரைச்சு அதுலேந்து சொட்டு சொட்டா எடுங்க.

இப்ப பாத்திரத்துல 400 மிலி தண்ணி, அதுல அளந்த சாயம், நல்லா கலக்கிட்டு ஊறின ரிப்பன உள்ள விடுங்க, அடுப்பு சிம்ல. 20 நிமிஷத்துல மெதுவா சூடு ஏறணும். கை வைக்க முடியாத சூடு வந்தப்புறம் ரிப்பன ஒரு குச்சியால தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் ஊத்திக் கலக்கி மறுபடி உள்ள விடுங்க. வினிகர் நேரா ரிப்பன் மேல விழுந்தா அந்த இடம் சட்டுனு சாயத்த இழுத்துடும். பட்டு கொதிக்கக் கூடாது, பாத்திரத்து அடில குட்டிக் குட்டி முத்து வர்ற சூடு போதும், சுமாரா 80, 85 டிகிரி. அப்படியே 20, 30 நிமிஷம், அப்பப்ப திருப்பி விட்டுக்கிட்டே இருங்க.

அப்புறம் ஒரு விஷயம் நடக்கும், எனக்கு இத்தனை தடவை பாத்தும் அலுக்கல. தண்ணி தெளிஞ்சுடும். சாயம் பூரா ரிப்பனுக்குப் போயி பாத்திரத்துல கிட்டத்தட்ட வெறும் தண்ணி நிக்கும். அப்ப அடுப்ப அணைச்சு அதுலயே ஆற விடுங்க. அவசரப்பட்டு சுடச்சுட எடுத்து பச்சைத் தண்ணில போட வேண்டாம். தெளியவே இல்லன்னா ஒண்ணு சாயம் அதிகம், இல்ல வினிகர் கம்மி, இன்னொரு ஸ்பூன் ஊத்தி பத்து நிமிஷம் பாருங்க.

நைலானுக்கும் இதே முறைதான், ஆனா அது பட்டை விட வேகமா இழுக்கும், அதனால வினிகர இன்னும் லேட்டா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

கலர் கலக்கறதுல ஒண்ணு. ஃபுட் கலர அப்படியே போட்டா திருவிழாப் பந்தல் மாதிரி கண்ணைப் பறிக்கும், புடவைக்குப் பக்கத்துல வெச்சா ஒட்டாது. அதோட எதிர்க் கலர்ல ஒரு சொட்டு விடுங்க, ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்கு பச்சை, ஊதாவுக்கு மஞ்சள். ஒரே ஒரு சொட்டுல கலர் அடங்கி வயசான கலர் ஆயிடும். நான் அன்னிக்கு தேடின மங்கல் பீச்சும் இப்படித்தான் கடைசில கிடைச்சுது, பாட்டில்ல கரைச்சு வெச்ச ஆரஞ்சுல அரை மிலியும் நீலத்துல ஒரு சொட்டும். கடைல வாங்கற பச்சை பெரும்பாலும் மஞ்சளும் நீலமும் கலந்ததுதான், ரெண்டும் வேற வேற வேகத்துல ஏறும், அதனால ஓரம் ஒரு ஷேடு நடு ஒரு ஷேடுன்னு வரலாம். இலைக்கு அது ரொம்ப நல்லாவே இருக்கும், விட்டுடுங்க.

ஒரே ரிப்பன்ல அழுத்தமும் வெளிர்வும்

கையால சாயம் போடறதோட நிஜமான லாபம் இதுதான், ஒரே கலர் வேணும்னா கடைலயே வாங்கிக்கலாமே.

ரிப்பன் எம்ப்ராய்டரி போடறவங்களுக்கு தெரியும், ஊசில கோக்கறப்ப 40 சென்டிமீட்டருக்கு மேல எடுத்தா துணிக்குள்ள போயிப் போயி ஓரம் நஞ்சு போயிடும். அப்ப ஷேடு மாறறதும் அந்த 40 சென்டிமீட்டருக்குள்ள மாறணும். மீட்டருக்கு ஒரு தடவை மாறுச்சுன்னா ஒரு ரோஜா முழுக்க சிவப்பு, அடுத்தது முழுக்க வெளிர்னு நிக்கும், நிழல் விழாது. நான் பண்றது என்னன்னா பழைய ப்ளாஸ்டிக் ஃபைல் அட்டைல 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஊறின ரிப்பன அது மேல நீளவாக்குல சுத்துவேன். ஒரு சுத்து போயிட்டு வந்தா 40. இப்ப அட்டைய நிமித்திப் புடிச்சு கீழ் ஓரத்த மட்டும் வினிகர் கலந்த சூடான சாயத்துல ரெண்டு நிமிஷம் முக்கி, கொஞ்சம் மேல தூக்கி, மறுபடி முக்கி, மேல ஏற ஏற சாயம் தானா மங்கிக்கிட்டே போகும். நூலால அஞ்சு காலு போட்டு அதுல ரிப்பன சுத்தற ஸ்பைடர் வெப் ரோஸுக்கு அழுத்தமான முனைலேந்து ஆரம்பிச்சு வெளிர் இடம் வர்றப்ப முடிங்க, நடு இருட்டாவும் வெளி இதழ் வெளிராவும் பூ நிஜமாவே மலர்ந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு வழி ப்ரஷ். ஈர ரிப்பன ஒரு தட்டுல நெளிநெளியா போட்டு, சாயத்துல கொஞ்சம் வினிகர் கலந்து, ரெண்டு மூணு கலர அங்கங்க தொட்டு வைங்க. ரிப்பன் ஈரமா இருந்தா கலர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடும், ஓடக் கூடாதுன்னா முக்கால்வாசி காயவிட்டு வைங்க. பட்டுல ஈரம் இருக்கறப்பவே நாலு கல்லுப்பு தூவினா உப்பு தண்ணிய இழுத்து அங்கங்க நட்சத்திரம் மாதிரி கோலம் விழும். எதிரெதிர்க் கலர மட்டும் பக்கத்துல வைக்காதீங்க, சேர்ற இடத்துல சேறு கலர்தான் வரும். வெச்சு முடிச்சதும் பட்டர் பேப்பர்ல சுருட்டி, சுருணைய நூலால கட்டி, ஆவில 30 நிமிஷம். ரிட்டயர் ஆன இட்லிப் பானை ஒண்ணு வீட்ல இருக்குமே, அதுதான் இதுக்கு. மூடிலேந்து சொட்டற ஆவித்தண்ணி பேப்பர் மேல விழாம இருக்க மேல ஒரு பழைய துண்ட போட்டு மூடுங்க, அம்மாங்க இட்லிக்குப் போடற மாதிரியே. ஆறினப்புறம் பிரிங்க. எனக்கு ஒரு தடவையும் பொறுமை இருந்ததில்ல, விரல் சுட்டதுதான் மிச்சம்.

பருத்தி நாடா, வேட்டி ரிப்பன்

இதுக்கு வினிகர் வேலைக்கு ஆகாது, ஃபுட் கலரும் நிக்காது, ரெண்டு அலசல்ல போயிடும். ரியாக்டிவ் டை வேணும், அதுலயும் "கோல்டு ப்ராண்ட்"னு (தங்கம் இல்ல, குளிர்ச்சிங்கற cold) சாயக்கடைல சொல்ற வகை, அடுப்பே தேவையில்ல. 1956ல இங்கிலாந்தோட ஐசிஐ கெமிக்கல் கம்பெனி ப்ரோசியான்னு பேர் வெச்சு இந்த வகைய முதல்ல கொண்டு வந்துச்சு. மத்த சாயமெல்லாம் இழை மேல ஒட்டிக்கிட்டு நிக்கறது, இது இழையோட வேதிப்பிணைப்பு போட்டு ஒண்ணாவே ஆயிடும், அதனாலதான் துவைச்சாலும் போறதில்ல. பொடி மூக்குல போகக் கூடாது, சிலருக்கு ஆஸ்துமா மாதிரி அலர்ஜி வரும், கரைக்கறப்ப மாஸ்க் போட்டு ஃபேன அணைச்சுடுங்க. இது பேச்சுக்கு சொல்றது இல்ல.

நாடாவ முதல்ல வாஷிங் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு கொதிக்க வெச்சு கஞ்சி எடுங்க, தண்ணி மஞ்சளா வரும், அது போனாத்தான் சாயம் உள்ள போகும். ஆர்எஃப்டி டேப்னா இது வேண்டாம். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணில 50 கிராம் போல சோடா ஆஷ் கரைச்சு அதுல இருபது நிமிஷம் ஊற வெச்சு புழிஞ்சுக்கோங்க. சமையல் சோடா வேற, இது வேற, மாத்திப் போட்டுடாதீங்க. 100 மிலி தண்ணில 2 கிராம் சாயம் கரைச்சு முக்கறதோ ப்ரஷ்ல வைக்கறதோ உங்க இஷ்டம். ப்ளாஸ்டிக் கவர்ல காத்துப் போகாம மூடி ராத்திரி முழுக்க விட்டுடுங்க, இந்த வேலைக்கு சூடுதான் வேணும், நம்ம ஊர் வெயிலுக்கு மொட்டை மாடில நிழலா ஒரு ஓரத்துல வெச்சா போதும். காலைல பச்சைத் தண்ணில நாலு அலசல், அப்புறம் சுடுதண்ணியும் சோப்பும். ஒட்டாத சாயம் நிறைய வரும், பயப்படாதீங்க, தண்ணி தெளியற வரைக்கும் அலசுங்க. கரைச்ச சாயம் நாளாக ஆக வீரியம் போயிடும், சோடா கலந்துட்டா மணிக்கணக்குல செத்துடும், அதனால தேவையான அளவு மட்டும் கரைங்க.

கழிவுத் தண்ணி பத்தி இங்க சொல்லிடறேன், திருப்பூர்க்காரிக்கு இது சொல்லாம இருக்க முடியாது. நொய்யல் ஆத்துல சாயத் தண்ணி ஓடினதும், ஒரத்துப்பாளையம் அணைல அது தேங்கி நின்னதும், 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவு போட்டு சாயப்பட்டறைங்கள மூடினதும் இங்க எல்லா வீட்லயும் பேசின கதை. நம்ம அரை லிட்டர் அதோட ஒப்பிடற அளவே இல்ல, ஆனாலும் செடிக்கு ஊத்தாதீங்க, கிணத்துப் பக்கம் ஊத்தாதீங்க. பட்டுக்கு போட்ட தண்ணி தெளிஞ்சுதான் இருக்கும், அதுல ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு புளிப்ப எடுத்துட்டு பாத்ரூம் சாக்கடைல விட்டுடலாம். பட்டுல அளந்து போடறதுக்கு இதுவும் ஒரு காரணம், அளந்து போட்டா கொட்டறதுக்கு சாயமே மிஞ்சாது.

பாலியஸ்டர் சாட்டின்

நேராவே சொல்றேன், கலர்லயே வாங்கிக்கோங்க. இதுக்கு டிஸ்பர்ஸ் டைன்னு தனி சாயம், ஆலைல 130 டிகிரில அழுத்தம் குடுத்து ஏத்தறாங்க. வீட்ல கொதிக்கற தண்ணி 100ஐ தாண்டாது, அதுல வெளிர் ஷேடுதான் வரும், முக்கா மணி நேரம் கொதிக்கணும், சிந்தடிக் துணிக்குன்னு விக்கற சில பாக்கெட்டுல சாயத்த உள்ள ஏத்த ஒரு ஊக்கியும் சேத்திருப்பாங்க, வீடே நாறும். குக்கர்ல வெச்சா என்னன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. சாதம் வைக்கற குக்கர்ல டிஸ்பர்ஸ் டை ஏத்தற வேலை வேண்டாம், வால்வுல ஏதாவது அடைச்சா அதுவும் ஆபத்து. ரொம்ப ஆசைன்னா துணி பெயின்ட தண்ணியா கரைச்சு ஓரத்துல மட்டும் பூசி காயவிட்டு, மேல ஒரு துணி போட்டு அயர்ன் பண்ணுங்க, கொஞ்சம் விறைப்பா நிக்கும், போ (bow) முடிச்சு கட்டறதுக்கு அந்த விறைப்பு நல்லதுதான்.

மஞ்சளும் வெங்காயத் தோலும்

இயற்கைச் சாயம் கேக்கறவங்களுக்கு. பீட்ரூட், செம்பருத்தி ரெண்டையும் மறந்துடுங்க, பாத்திரத்துல ராணி மாதிரி இருக்கும், ரிப்பன்ல ஒரு வாரம் கூட நிக்காது. மஞ்சள் பட்டு, பருத்தி ரெண்டுலயும் சட்டுனு ஏறும், ஆனா வெயில்ல வெளுக்கும், சோப்பு பட்டா சிவந்துடும். ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்து சிவக்குதே, அதே வேலைதான். வேணும்னே அந்த சிவப்ப கொண்டு வந்து பூஜைத் தட்டுக்கு கட்டலாம், துவைக்கற துணிக்கு வேண்டாம்.

நம்பி இறங்கலாம்னா வெங்காயத் தோல். ஒரு மாசம் தோலை சேத்து வைங்க, ஒரு பெரிய கைப்பிடி தோலை அரை லிட்டர் தண்ணில அரை மணி நேரம் கொதிக்க வெச்சு வடிகட்டுங்க. பட்டு ரிப்பன முதல்ல ஒரு சிட்டிகை படிகாரம் கரைச்ச வெதுவெதுப்பான தண்ணில ஒரு மணி நேரம் ஊற வெச்சு, அப்புறம் இந்தச் சாறுல சிம்ல அரை மணி. பழைய தங்கம் மாதிரி ஒரு கலர் வரும். பருத்தின்னா படிகாரத்துக்கு முன்னாடி கடுக்காய்த் தண்ணில ஒரு ராத்திரி, அந்தத் துவர்ப்பு இல்லாம பருத்தி படிகாரத்த சரியா புடிக்காது. டீத்தண்ணி இன்னும் சுலபம், வெறும் வெள்ளை கண்ணுல அடிக்குதுன்னா ஸ்ட்ராங்கா போட்ட கட்டன் டீல பத்து நிமிஷம், தந்தக் கலர் வந்துடும். மயில்துத்தம் போட்டா பச்சை வரும்னு யாராவது சொல்வாங்க, அது விஷம், வீட்டு அடுப்புல வேண்டாம்.

காய வைக்கறதும் சோதிக்கறதும்

அலசின ரிப்பன புழியாதீங்க, ஒரு துண்டுல வெச்சு ஒத்தி எடுங்க. நிழல்ல முக்கால்வாசி காஞ்சப்புறம் ஒரு கண்ணாடி பாட்டில்ல சுருக்கமில்லாம இழுத்து சுத்தி விட்டா அயர்ன் போட்ட மாதிரியே காயும். அப்படியும் சுருக்கம் இருந்தா அயர்ன் பாக்ஸ கம்மி சூட்டுல ஒரே இடத்துல வெச்சுக்கிட்டு ரிப்பன அதுக்கு அடில இழுங்க, பாக்ஸ நகத்தினா ரிப்பன் கோணிக்கும்.

ப்ளவுஸுக்கு போகற ரிப்பன்னா, ஒரு துண்ட வெள்ளைப் பருத்தித் துணில சுருட்டி நனைச்சு ராத்திரி முழுக்க வைங்க. காலைல வெள்ளைல கறை இருந்தா மறுபடி வினிகர் தண்ணில சூடு காட்டி அலசுங்க, அப்பவும் கறை விட்டா அதை கிஃப்ட் பாக்ஸுக்கு ஒதுக்கிடுங்க. கை அக்குள் பக்கம் வேர்வை படற இடம், அங்க ஃபுட் கலர நம்பாதீங்க, ஆசிட் டைதான். எதுல போட்டாலும் பச்சைத் தண்ணில கைல அலசறதோட சரி, மெஷின் கிடையாது.

அப்புறம் லாட், அதாவது ஒரே தடவைல சேத்து சாயம் போட்டது. சாயப்பட்டறைக்காரங்க லாட் மாறினா ஷேடு மாறும்னு சொல்வாங்க, நம்ம அடுப்புலயும் அதேதான். தேவைப்படற நீளத்துக்கு மேல ரெண்டு மீட்டர் சேத்து ஒரே பாத்திரத்துல போடுங்க, ஒரு அட்டைல சின்னத் துண்டு ஒட்டி மிலி கணக்கு, தேதி எழுதி வைங்க. நான் அந்த பீச் ப்ளவுஸுக்கு கணக்கா 12 மீட்டர் போட்டேன், ரெண்டாவது கைல கடைசி ரெண்டு ரோஜாவுக்கு அரை மீட்டர் பத்தல. மறுபடி போட்டது ஒரு பொட்டு ரோஸ் கூடி வந்துச்சு. அந்த ரெண்டு பூவையும் கைக்கு அடிப்பக்கம், உடம்போட ஒட்டற இடத்துல தைச்சுட்டேன், இன்னிக்கு வரைக்கும் அத்தை மட்டும்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.